வடிவு ஏறி நின்ற தடம்

அந்த வருஷம் பங்குனியில் ஒரு காலைப்பொழுது, செபஸ்தியம்மா பாத்திக்குள் கால் வைத்த இடமெல்லாம் உப்பு சிவந்தது. ரத்தச் சிவப்பென்று நினைத்துவிடக் கூடாது, பஞ்சுமிட்டாய் நிறம். காலைத் தூக்கிப் பார்த்தாள், உள்ளங்காலில் ஒன்றுமில்லை. தள்ளி மிதித்தாள், அங்கேயும் ஐந்து விரலும் குதிகாலும் அச்சாக விழுந்தன. "இதென்ன கூத்து" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒருத்தி, வடக்கே இருந்து ஒருத்தி, தலையில் உப்புச்சட்டியோடு வரப்பிலிருந்து இறங்கின இன்னொருத்தி என்று ஆளாளுக்குக் குரல் கொடுக்க, வெயில் ஏறுவதற்கு முன்னால், தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற அந்த உப்பளத்தில் யார் யாருக்கு அன்றைக்கு மாதவிலக்கு நாள் என்பது கடல்காக்காய்க்குக்கூடத் தெரிந்துபோயிற்று.

ஏன் சிவந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அந்த அளத்திலும் யாரும் ரொம்ப நேரம் கேட்கவில்லை. முதலாளி மட்டும் கொஞ்சம் பதறி, ஊற்றுத் தண்ணியை பாட்டிலில் பிடித்து எங்கேயோ அனுப்பினார்; உப்பு உப்புதான் என்று பதில் வந்தது. பிறகு கேரளத்து வியாபாரி ஒருவர் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கருவாட்டுக்கு ஆகாது, மாங்காய்க்கு இதைவிட்டால் வேறில்லை என்று மொத்தத்தையும் கேட்டதும் அவர் பதற்றமும் போயிற்று. குவித்துவைத்த வெள்ளை அம்பாரத்துக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பாரம் ஒன்று எழும்பியது. கோயில்காரர்கள் ஒரு வாரம் தீட்டு தீட்டு என்று பேசினார்கள். சாமி பொங்கலுக்கு உப்பு காலங்காலமாக இந்த அளத்திலிருந்துதான் போகிறதென்று யாரோ எடுத்துச் சொன்னதும் பேச்சை மழையின் பக்கம் திருப்பினார்கள். பொண்டாட்டியை மூன்று நாள் பின்கட்டில் படுக்கவைத்த ஆம்பளைகள், "சிவப்பு உப்பு ஒரு கை கொண்டா, ஊறுகாய்க்கு" என்று வெட்கமில்லாமல் கேட்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளைப் பாத்தியில் சிவப்புக் கால் பட்டால் சரக்கு கலந்துவிடும் என்பதால், விலக்கு நாள் வந்தவர்கள் காலையில் தனிப் பாத்தி ஒன்றை ஒரு சுற்று மிதித்துவிட்டு, மீதி நாளைக்குக் கொட்டகையில் உட்கார்ந்தால் போதும், கூலியில் கை வைக்க மாட்டோம் என்று ஏற்பாடாயிற்று. இது முதலாளி கண்டுபிடித்ததென்று முதலாளி சொல்வார். செபஸ்தியம்மா கண்டுபிடித்ததென்று மற்றவர்களுக்குத் தெரியும். அவள்தான் கொட்டகையில் அடுப்புக் கூட்டி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க, கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டுவாள். களியைவிடப் பேச்சு ருசி. இத்தனை வருஷம் புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததெல்லாம் அங்கே வந்து விழுந்தது. உப்புத் தண்ணியில் நாள் பூராவும் நின்றால் துணி உரசித் தொடை புண்ணாகிறது, அதற்கு என்ன பூசுவது. யாருக்கு இடுப்பு விட்டுப்போகிறது, யாருக்குக் கட்டி கட்டியாகப் போகிறது, யாருக்கு எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது. தடம் சிவந்தவள் உள்ளே வரலாம், சிவக்காதவள் வேலையைப் பார்க்கலாம். அதுதான் கொட்டகைச் சட்டம்.

சிவக்காதவர்களில் ஒருத்தி வடிவு.

வடிவு திருநங்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது நமக்கு வேண்டாம். வடிவு என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்டது, அதற்குத் தகுந்தாற்போலத்தான் இருப்பாள். அளத்துக்கு வந்த புதிதில் இரண்டு நாள் முறைத்துப் பார்த்த பெண்கள் மூன்றாம் நாள் வெத்திலை மாற்றிக்கொண்டார்கள். உப்பு வாருகிற பலகையைப் பிடித்தால் ஒரு கல் சிதறாது, அப்படியொரு கை. யார் வீட்டு விசேஷத்துக்கும் அவளுக்கு முன்வரிசைப் பாய் உண்டு. விலக்கைப் பற்றி யாரும் வாய் திறக்காத காலத்தில் அவளுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை, ஏனென்றால் எல்லாரும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஒரே மாதிரி நடந்தார்கள், மூடிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எல்லாம் வெளியே வந்து, பேச்சும் களியும் கொட்டகையுமாக ஆன பிறகுதான், அவள் வெளியே நின்றாள்.

வயிறு எரிந்தது. சும்மா ஒன்றும் எரியவில்லை, கொள்ளி வைத்தாற்போல எரிந்தது.

கூட நின்றவள் மாடத்தி. மாடத்திக்குச் சின்ன வயசிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் மத்தியானம் சோற்று வாளியோடு வரப்பில் உட்கார்ந்து கொட்டகைச் சிரிப்பைக் கேட்பார்கள்.

"என்னத்தச் சிரிக்காளுவன்னு தெரியல," என்பாள் மாடத்தி.

"நீயாவது ஒரு காலத்துல பாத்தவ. ஒனக்கென்ன," என்பாள் வடிவு.

"பாத்து என்னத்தக் கண்டேன். வலிதான்."

"அந்த வலியத்தான் சொல்லுதேன்."

மாடத்தி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊறுகாயை நக்கினாள். அந்தச் சிவப்பு உப்பு ஊறுகாயும் வடிவுக்குப் பிடிக்கவில்லை.

சித்திரையில் லாரி டிரைவர் ஒருவரின் மகள் ஆளானாள். ஊரில் புது வழக்கம் தொடங்கியிருந்தது: மஞ்சத்தண்ணி ஊற்றின கையோடு பிள்ளையை அளத்துக்கு அழைத்துவந்து, தாய்மாமன் சீர்த்தட்டுகளை வரப்பில் பரப்பி வைக்க, வாரி நிரவிய வெள்ளைப் பாத்தியில் முதல் தடம் வைக்கச் சொல்வது. பாத்தியை நிரவ வடிவைத்தான் கூப்பிட்டார்கள், அவள் கை அப்படி. கண்ணாடி மாதிரி நிரவிக் கொடுத்தாள். பிள்ளை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொலுசுக் காலை வைத்தது, பூப்போலச் சிவந்தது, பெண்கள் குலவை போட்டார்கள், வடிவும்தான் போட்டாள், அவள் குலவைதான் எல்லாவற்றிலும் நீளம். பிறகு அம்பாரத்துக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பதிமூணு வயசுப் பிள்ளையின் காலைப் பார்த்து இப்படிப் பொறாமைப்பட்டேனே, நான் என்ன மனுஷி என்று தன்னையே திட்டினாள். திட்டினதால் பொறாமை குறையவில்லை.

என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். குங்குமத்தைக் குழைத்து உள்ளங்காலில் பூசினாள், உப்பில் சேறு மாதிரி அப்பியது. பீட்ரூட்டைத் தேய்த்தாள், எறும்பு வந்தது. கேசரிப் பவுடர் போட்ட அன்றைக்குத் தடம் நல்ல ஆரஞ்சு நிறத்தில் விழ, செபஸ்தியம்மா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏளா வடிவு, ஒனக்கு மஞ்சக்காமாலையா" என்றாள். அளமே சிரித்தது. வடிவும் சிரித்தாள். உள்ளே இருந்ததை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனி மாதத்தில்தான் ஒரு வரப்பு உடைந்தது.

மோட்டார் ரூமில் இசக்கிராசா என்று ஒருவன் இருந்தான். ஊற்றுத் தண்ணியைப் பாத்திகளுக்குத் திருப்பிவிடுகிற வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன், அரும்பு மீசை, அதிகம் பேசமாட்டான், பெண்கள் எல்லாருக்கும் அவன் தம்பி. வெயிலிலும் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பான், வரப்பை விட்டு இறங்கவே மாட்டான். கூச்சக்காரப் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்கு நண்டு வளை ஒன்று பெரிதாகி வரப்பு வாய் பிளந்துகொள்ள, உப்பு வார இருந்த பாத்திக்குள் தண்ணி பாய்ந்தது. அவன் யோசிக்காமல் குதித்தான், பாத்தியின் குறுக்கே ஓடிப் போய்ச் சேற்றை அள்ளி அடைத்தான், அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஓடி வந்த வழியெல்லாம் இளஞ்சிவப்பாக பூட்ஸ் தடம்.

வேலைக்கு முந்தி வந்து எதிர் வரப்பில் நின்ற வடிவு அதைப் பார்த்தாள்.

அவனுக்கு என்னவென்று அவளுக்கு ஒருத்தரும் விளக்க வேண்டியதில்லை. அவள் ஆணாகப் பிறந்ததாக ஊர் சொன்னதே, அதே ஊர் இவனைப் பெண்ணென்று சொல்லியிருக்கும், அவ்வளவுதான். திருநம்பி. அவள் எதை விட்டு ஓடிவந்தாளோ அதைத் தேடி அவன் ஓடிவந்திருக்கிறான். பாவம் என்றல்லவா தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. எனக்கு ஒரு சொட்டு இல்லை, வேண்டாமென்கிறவனுக்குப் பாத்தி பாத்தியாகக் கொட்டியிருக்கிறதே என்றுதான் தோன்றியது. அவன் காலால் தடத்தைத் தேய்த்து அழிக்கப் பார்த்தான். தேய்க்கத் தேய்க்க அகலமாகச் சிவந்தது. அப்போதுதான் அவளைக் கண்டான். முகம் செத்துப்போயிற்று.

தூரத்தில் பெண்கள் பேசிக்கொண்டே வருகிற சத்தம் கேட்டது.

வடிவு பாத்திக்குள் இறங்கினாள். அவன் தடத்தின்மேல் பூட்ஸ் அச்சு அழியத் தன் காலை அழுத்தி வைத்தாள், அடுத்ததில் அடுத்த காலை, இப்படி ஒவ்வொன்றாக மிதித்து நடுப்பாத்தியில் போய் நின்றுகொண்டு, வரப்பில் ஏறிவிட்ட இசக்கிராசாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மதினி, இங்க வந்து பாருங்க, எனக்குச் செவந்திருக்கு" என்று கத்தினாள். அவனைக் காப்பாற்ற இறங்கினாள் என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. இல்லை. திருடத்தான் இறங்கினாள்.

செபஸ்தியம்மா வந்தாள், தடத்தைப் பார்த்தாள், வடிவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குலவை போட்டாள். எல்லாரும் போட்டார்கள். ஒருத்தி மஞ்சள் கரைத்துக்கொண்டு வர, இன்னொருத்தி தன் தலைப் பூவைப் பிய்த்து வைக்க, வடிவு பலகைமேல் உட்கார்ந்து தண்ணியும் கண்ணீருமாக நனைந்தாள். கொட்டகைக்குள் வலது காலை வைத்துப் போனாள். களி தொண்டையில் இறங்கியபோது இந்த உலகத்தில் எனக்கு இனி ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தாள். வெளியே வரப்பில் மாடத்தி தனியாகச் சோறு தின்றாள்.

ஆனால் கொட்டகையில் சும்மா உட்கார முடியாது, பேச வேண்டும். "ஒனக்கு எப்பிடி வடிவு, வலி உண்டா" என்று கேட்டுவிட்டார்கள். இருக்கு, இருக்கு என்று மழுப்பிவிட்டு, சாயந்திரம் மோட்டார் ரூமுக்குப் போனாள்.

"எலே ராசா. எப்பிடி வலிக்கும்?"

அவன் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வலிக்கல" என்றான்.

"பொய் சொல்லாத. ஒன் மொகம் வெளுத்துக் கெடக்கு. சொல்லு, நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன்."

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான். அவன் அதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை, ஆம்பளை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது. சொல்லிவிட்டு, "எனக்கு இந்தச் சனியனே வேணாம்க்கா. தடத்த வேணா நீயே வச்சுக்க, மாசாமாசம் விடியக்காலம் மிதிச்சிட்டுப் போறேன்" என்றான்.

தூக்கிப் போடுகிற பழந்துணி மாதிரி அவன் கொடுத்தது அவளை இன்னும் எரித்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

அப்படியே நடந்தது. மாதம் பிறந்தால் அவன் மிதித்துவிட்டுப் போவான், அவள் ஏறி நிற்பாள். அவன் மூட்டை தூக்கி, வால்வு திருகி, வெயிலில் வரப்பு வரப்பாக அலைவான். அவள் கொட்டகையில் காலை நீட்டிக்கொண்டு அவன் வலியைத் தன் வலியாகச் சொல்வாள். நன்றாகச் சொல்வாள், கையை இடுப்பில் வைத்து, உதட்டைக் கடித்து. வலது பக்கம் தொடங்கித் தொடைக்கு இறங்குகிறது. நெல்லிக்காய் தண்டி கட்டி விழுகிறது. நிற்க மாட்டேனென்கிறது, ஒரு வாரத்துக்கு மேலேயும் போகிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது.

பெண்களின் சிரிப்பு நின்றுபோகும். செபஸ்தியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், "வடிவு, இது சும்மா வலி இல்ல. என் தங்கச்சிக்கு இப்பிடித்தான் வந்து, வயித்துக்குள்ள கட்டின்னாவ. ஆசுபத்திரிக்குப் போவணும். நாளைக்கே போவணும். கேட்டியா?"

"கேட்டேன் மதினி."

"கேட்டுட்டுச் சும்மா இருக்கப்பிடாது."

கேட்டுக்கொண்டு வந்தவள் மோட்டார் ரூம் வாசல்வரை போனாள். அவன் மூட்டைமேல் சுருண்டு படுத்திருந்தான். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து நிறுத்திவிட்டால்? கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால்? அவனுக்கு விடுதலை, அவளுக்கு வரப்பு, சோற்று வாளி, உள்ளே இருந்து வருகிற சிரிப்பு. அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டாள். அடுத்த மாதமும் அப்படித்தான் திரும்பினாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், கொட்டகையில் களி பரிமாறிக்கொண்டிருந்தபோது, இசக்கிராசா வரப்பில் நடந்து வந்தவன் அப்படியே சாய்ந்து பாத்திக்குள் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து சிவப்பு கிளம்பியது. பாத்தி நிறைந்தது, அடுத்த பாத்திக்குத் தாவியது, அதற்கடுத்ததற்கும் போயிற்று, வெள்ளை அம்பாரத்தின் அடிவரைக்கும் போய் ஏறியது. எல்லாரும் பார்த்தார்கள். யாரும் வாயில் கை வைக்கவில்லை. அந்த அளத்தில் சிவப்புக்கு என்ன அர்த்தமென்று எல்லாருக்கும் தெரியும்.

வடிவு கையில் களி உருண்டையோடு நின்றாள்.

"அவனுதுதான்," என்றாள். "நான் சொன்னதெல்லாம். எனக்கு ஒண்ணுமில்ல மதினி. தடமும் அவனுது, வலியும் அவனுது."

"தடம் ஒன்னுது இல்லன்னு மொத நாளே தெரியும்," என்றாள் மாடத்தி, பாத்திக்குள் ஓடிக்கொண்டே. "ஒன் காலு பெருசு. நடுவுல செவந்து ஓரத்துல வெள்ளையா இருந்துது. உப்பு வாருதவளுக்குத் தடம் தெரியாதாக்கும்?"

"பெறவு ஏன் என்னைய உள்ள விட்டிய?"

செபஸ்தியம்மா இசக்கிராசாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நீ வரணும்னு நின்ன, விட்டோம். அதுக்குச் செவக்கணுமா என்ன? நீ சொன்ன வலி நெசமான வலின்னு கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு. யாருக்குன்னுதான் தெரியல. யாரோ வெளிய சொல்ல முடியாதவிய, ஒங்கிட்ட சொல்லி அனுப்புதாவன்னு நெனச்சோம். அதான் அத்தன தடவ ஆசுபத்திரின்னு சொன்னேன்." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "அவன்ட்ட சொன்னியா வடிவு?"

வடிவு களியைக் கீழே வைத்தாள். அவனைத் தூக்கி லாரியில் ஏற்றினது அவள்தான், மற்றவர்களுக்கு அவ்வளவு தெம்பில்லை.

லாரிக்குப் பின்னால் பெண்கள் தொற்றிக்கொண்டு வந்தார்கள். "செவந்த காலுதான் கொட்டகைக்குள்ள வரணும்னு எவ சட்டம் போட்டா?" என்றாள் செபஸ்தியம்மா, கோபமாக.

"நீதான்," என்றாள் மாடத்தி.

"போட்டிருப்பேன். கூறுகெட்டவ. நாளையிலருந்து நீயும் உள்ள வா. இந்தப் பயலும் வரட்டும், கூச்சப்பட்டான்னா களிய மோட்டார் ரூமுக்குக் கொண்டு போவோம், அங்கன உக்காந்து பேசுவோம்."

வடிவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வடிவு அதையும் கவனித்தாள். அவன் தலை வடிவின் தொடைமேல் ஆடியது. இந்தப் பயல் மயங்கிக் கிடக்கும்போதே மோட்டார் ரூம்வரை களி போகிறது என்று நினைத்தாள். இந்த நேரத்திலும் இப்படி நினைக்கிறேனே என்றும் நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவு வாசலில் காவலாளி இசக்கிராசாவின் மீசையைப் பார்த்து, "ஆம்பளைக்கு அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். பிறகு அவன் உடுப்பில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தார், கூட நிற்கிற உப்புப் படிந்த கால்களைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். குளுக்கோஸ் ஏறினதும் அவனுக்கு நினைவு வந்தது. எங்கே படுத்திருக்கிறோமென்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி அட்டையோடு வந்து நின்றாள். "எத்தனை நாளா இப்படிப் போகுது?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"சித்திரையிலருந்தே கூடுதல்," என்றாள் வடிவு. "மூணு நாள்ல நிக்கிறது, இப்ப பத்து நாளு."

"கட்டியா வருதா?"

"நெல்லிக்கா தண்டி. சில நாளு அதவிடப் பெருசு."

"வலி?"

"வலப்பக்கம் இடுப்புல புடிக்கும். அங்கருந்து தொடைக்கு இறங்கும். குனிஞ்சா கொறையும், நடந்தாக் கூடும். காலையில எந்திரிக்கையில கண்ணு இருட்டும், செவுத்தப் புடிச்சிட்டுத்தான் நிக்கணும். தொடையெல்லாம் புண்ணு, உப்புத் தண்ணி பட்டு."

அவள் கை தானாகவே வலது இடுப்புக்குப் போயிருந்தது. உதட்டைக் கடித்திருந்தாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிண்டலாகப் பார்க்கவில்லை, இன்னும் ஒரு கட்டில் போட வேண்டுமோ என்கிற மாதிரி பார்த்தாள்.

"இதெல்லாம் யாருக்கும்மா? இவருக்கா, உங்களுக்கா?"

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர், சிரிக்காமல், உங்களுக்கா என்று வடிவைக் கேட்டது அவள் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. எனக்கு என்ற சொல் பல்லுவரைக்கும் வந்தது. இசக்கிராசா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். வேண்டுமானால் இதையும் நீயே எடுத்துக்கொள் என்பதுபோலத்தான் பார்த்தான், அப்படிப் பார்த்தானே என்று அவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"இவனுக்கு," என்றாள் வடிவு. "அம்புட்டும் இவனுக்குத்தான். எழுதுங்க, இன்னும் இருக்கு."